தையல்நாயகிக்குப் பின்னால் வந்த கால்வாய்

ரீட்வேன் கிராமத்துக் கால்வாய் ஒரு பெண்ணின் பின்னால் எழுந்து போன அந்த ஆடிப் பதினெட்டாம் நாளன்று, அவள் புருஷன் நெல்லையப்பன் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் முன்னால் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். அதனால் ஊரே பார்த்து, பேசி, காபி குடித்து, பழகியும் போய்விட்ட ஒரு சங்கதியைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் அவன்தான். புருஷன்மார்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

நெல்லையப்பனுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், பிழைப்பு நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். மனைவி தையல்நாயகி காவிரிக்கரையில், திருவிடைமருதூரில் பிறந்தவள். அவனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது, பொறாமைக்காரன், அவ்வளவுதான். அவள் டச்சு மொழி வகுப்புக்குப் போனால் வாத்தியார் மேல் பொறாமை, பால்கனியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் செடி மேல் பொறாமை, போனில் பேசிக்கொண்டே அவள் சிரித்துவிட்டால் அந்தப் பக்கம் பேசுவது சொந்த மாமியார்தான் என்று தெரிந்தும் மாமியார் மேல் பொறாமை. அதற்காக அவளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவானா என்றால் அதுவும் கிடையாது. நல்ல பட்டுவேட்டியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆசாமி.

பெண்டாட்டிக்குச் சைக்கிள் கற்றுத் தருகிறேன் என்று கல்யாணமான புதிதில் வாக்குக் கொடுத்திருந்தான். பிறந்த குழந்தைகூடச் சைக்கிள் கூடையில்தான் வீட்டுக்கு வரும் என்று சொல்லத்தக்க அந்த நாட்டில், அவள் மட்டும் வருஷக்கணக்காக பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனுக்கு வேறு ஏதாவது வேலை வந்தது. இந்த வசந்தத்தில் ஒருநாள் அவளே சைக்கிளில் காய்கறி வாங்கி வந்து இறங்கியபோது, பரவாயில்லையே என்று சொல்லிவிட்டு, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டான். அவளேதான் கற்றுக்கொண்டாள் என்று தெரிந்ததும் அவனுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆக, கூடாரத்தையும் போர்வைகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கால்வாய்க்கரை ஓரமாகவே ஒரு பகல் முழுக்க ஓட்டி, சாயங்காலம் ஒரு பால்பண்ணைத் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று அவன்தான் திட்டம் போட்டான். அந்த நாட்டில் சைக்கிள் பாதைகள் சந்திக்கிற இடமெல்லாம் ஒரு எண் பலகை நிற்கும். எண்களை வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டால் போதும், வழி கேட்கவே வேண்டாம். நெல்லையப்பன் எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்தான், காலையிலிருந்து பெண்டாட்டியோடு அவன் பேசியதெல்லாம் அந்த எண்களை மட்டும்தான். வெயில் இதமாக இருந்தது, இருபுறமும் புல்வெளி, கடலைவிடத் தாழ்ந்த அந்த நிலத்தில் மாடுகள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நின்று மேய்ந்தன, தண்ணீர் அவற்றின் தலைக்குமேல் கரைகட்டி ஓடியது, நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. தையல்நாயகி இதையெல்லாம் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று பார்த்தாள். முன்னால் அவன் முதுகு தெரிந்தது, அது சிறுத்துக்கொண்டே போனது.

ரீட்வேனில் ஒரு தூக்குப்பாலம். படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள், சைக்கிள்காரர்கள் காத்திருக்க வேண்டும். பாலத்துக்காரி ஹென்ட்ரிகா தன் தாத்தா காலத்து வழக்கப்படி ஒரு தூண்டில் கோலின் நுனியில் மரச்செருப்பைக் கட்டிப் படகுக்காரர்கள் முன்னால் இறக்குவாள், அவர்கள் அதில் இஷ்டப்பட்ட காசைப் போடுவார்கள். அந்தக் காத்திருப்பில்தான் தையலுக்கு இன்றைக்குப் பதினெட்டாம் பெருக்கு என்பது ஞாபகம் வந்தது. ஞாபகம் வரும் என்று தெரிந்தே புது மஞ்சள் கயிறு ஒன்றைக் கைப்பையில் எடுத்தும் வந்திருந்தாள். படியில் இறங்கி, டிபன் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் ஒரு பிடியைத் தண்ணீரில் விட்டாள். பழைய தாலிக்கயிற்றை மாற்றப்போகிறேன், வந்து முடிச்சுப் போட்டுவிடுங்கள் என்று புருஷனைக் கூப்பிட்டாள். பாலம் இறங்குகிறது, சீக்கிரம் வா என்றான் அவன். அவளே புதுக்கயிற்றைக் கட்டிக்கொண்டு, பழையதை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் விட்டாள்.

தப்பு என்று சொன்னால் அதுதான் தப்பு. காவிரிக்கு இதெல்லாம் தெரியும். அவள் பெண், தாய், இன்னொரு பெண் தருகிற பழைய கயிற்றை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குப் பழக்கம் உண்டு. ரீட்வேன் கால்வாயோ மண்வெட்டியால் வெட்டியது, தான் ஆணா பெண்ணா என்று யாரும் அதற்குச் சொன்னதில்லை, தோண்டிய நாளிலிருந்து அதற்கு எவரும் எதையும் கொடுத்ததும் இல்லை, வேண்டாததைத் தூக்கிப் போட்டதோடு சரி. அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஒருத்தி தன் கழுத்தில் கிடந்த கயிற்றைக் கழற்றி, சோறும் சேர்த்து, கண்ணை மூடிக் கொடுத்தால் அது என்னவென்று எடுத்துக்கொள்ளும்? அப்படியேதான் எடுத்துக்கொண்டது.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சைக்கிள் பாதை கால்வாயை விட்டு விலகிப் புல்வெளிக்குள் திரும்பியது. தையல் திரும்பினாள், கால்வாயும் எழுந்து திரும்பியது. வாத்துகளோடும் அல்லியிலைகளோடும், ஒரு படகு வீட்டோடும், அதன் மேல்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த வயதான தம்பதியோடும், புல்லைச் சாய்த்துக்கொண்டு அவள் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே, சக்கரம் நனையாத அளவுக்கு மரியாதையான இடைவெளி விட்டு, அவள் மெதுவாக மிதித்தால் மெதுவாகவும் வேகமாக மிதித்தால் வேகமாகவும் வந்தது. மாடுகள் வழிவிட்டுத் தள்ளி நின்றன. படகு வீட்டு அம்மாள் தையலுக்குக் கையசைத்து, நல்ல வெயில் இல்லையா என்று கேட்டாள், தையலும் ஆமாம் என்றாள். தண்ணீரோடு பிறந்து வளர்ந்தவர்கள் இரண்டு பேருமே, அதனால் அதற்குமேல் அதைப்பற்றிப் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஊர்தான் பேசியது. கால்வாய் போய்விட்டதில் ரீட்வேன்காரர்களுக்கு ஆச்சரியம் இல்லை, வயிற்றெரிச்சல்தான் இருந்தது. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே இத்தனை காலம் படுத்துக் கிடந்தது, ஒருநாள் என்னைத் திரும்பிப் பார்த்ததுண்டா என்று ரொட்டிக்கடைக்காரி கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் ஒரு ஆப்பிள் கேக்கை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே போய்த் தண்ணீரில் போட்டாள். அதைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் ஒரு ரோஜாச் செண்டு போட்டார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர் கல்யாண மோதிரத்தையே கழற்றிப் போட, அவர் மனைவிக்கும் அவருக்கும் கரையிலேயே பேச்சு முற்றிப்போனது. கால்வாய் கேக்கை வாத்துகளுக்கு விட்டது, மற்றதையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தையலின் பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கியது. பக்கத்துக் கிராமத்துக்குச் சேதி போனபோது, வந்திருப்பது உங்கள் கால்வாய்தானே, எங்களுடையது அப்படியெல்லாம் போகாது என்று சொன்னார்களாம். சொல்லிவிட்டு, அவர்களும் தங்கள் கால்வாய்க்கரையில் போய் நின்று பார்த்தார்கள் என்று கேள்வி.

நெல்லையப்பன் ஒரு எண் பலகை அருகில் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து பெண்டாட்டியின் குரல் கேட்டது. தமிழில் பேசிக்கொண்டிருந்தாள், இடையிடையே சிரித்தாள், இப்படி மூச்சுவிடாமல் அவள் பேசி அவன் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. போன் என்று நினைத்தான். திரும்பியபோது போன் இல்லை, கால்வாய் இருந்தது. புல்வெளிக்குள் ஒரு கால்வாய் எப்படி வந்தது என்று வேறு எவனாக இருந்தாலும் கேட்டிருப்பான்.

"யார்கிட்ட பேசிக்கிட்டு வார?" என்றான் அவன்.

"வாய்க்கால்கிட்டங்க. கூடவே வருது, பாவம்."

அந்தப் 'பாவம்' நெல்லையப்பனுக்குப் பிடிக்கவில்லை. தன்னை அவள் கடைசியாக எப்போது பாவம் என்றாள் என்று யோசித்துப் பார்த்தான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட, மாத்திரை போட்டீங்களா என்றுதான் கேட்டிருந்தாள்.

பால்பண்ணையில் போய்க் கூடாரம் போட்டார்கள். கால்வாய் கூடாரத்தின் ஓரமாக, அவள் படுக்கப்போகிற பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. அவன் கூடாரத்தைப் பிடுங்கிக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் போட்டான், அது கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஆப்பிள் மரங்களுக்கு நடுவே போட்டான், அது வேர்களுக்கு இடையில் வளைந்து வளைந்து வந்தது. இதற்குள் பண்ணைக்காரர் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட, ரீட்வேன் பாதிக்குமேல் அங்கே வந்து உட்கார்ந்து காபி குடிக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொருவரும் வந்து தையலுக்குக் கைகொடுத்தார்கள். நெல்லையப்பனுக்கும் கைகொடுத்தார்கள், ஆனால் துக்கவீட்டில் கொடுப்பது போல.

கடைசியில் தண்ணீர் வாரியத்திலிருந்து யோரிட் என்கிற உயரமான மனிதர் அளவுகோலும் கையுமாகச் சைக்கிளில் வந்தார். கரை, மதகு, நீர்மட்டம் எல்லாம் பார்த்துக்கொள்வது அவர் அலுவலகம்தான். கால்வாயின் ஆழத்தை அளந்தார், தையலை ஒருமுறை பார்த்தார், அதற்கு என்ன கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னதும் தலையாட்டிக்கொண்டு விளக்கினார். தண்ணீருக்கு ஒருவரைப் பிடித்துப்போவது எப்போதாவது நடப்பதுதான். ஒரு ராத்திரி எங்கே தூங்குகிறதோ அந்த இடத்துத் தண்ணீராகிவிடும், இது அவர்கள் பக்கத்து விதி. பொழுது சாய்வதற்குள் அவளே திரும்ப ஓட்டிக்கொண்டு போய் அதன் படுகையில் அதைப் படுக்க வைத்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் அது இங்கேயே இருக்கும், அவளும் இருக்க வேண்டியதுதான். விட்டுவிட்டுப் போனால் தேடிக்கொண்டு கிளம்பும், வழியில் எத்தனை வீடு முழுகும் என்று அவரால் சொல்ல முடியாது. மேற்கே ஒரு ஏரிக்கு ஒரு தபால்காரரைப் பிடித்துப்போய், அவர் இன்னமும் அங்கே படகு வீட்டில்தான் இருக்கிறார் என்றார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தச் 'சந்தோஷமாக'வைக் கேட்டதும் நெல்லையப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடலையே இறைத்து நிலமாக்கிய நாட்டில் இந்த ஒரு வாய்க்காலைப் பம்பு வைத்து இறைக்க முடியாதா என்று கேட்டான். தானாக ஆசைப்பட்டு வந்த தண்ணீர் பம்புக்கு வராது என்றார் யோரிட். தவிர, அது மரியாதையும் இல்லை.

கிளம்பினார்கள். பாதையில் இரண்டு பேருக்குத்தான் இடம், தையலும் கால்வாயும் பக்கத்தில் பக்கத்தில் போக, நெல்லையப்பன் பின்னால்தான் வர வேண்டியிருந்தது, அவனுக்கும் பின்னால் ஊர் வந்தது. பெண்டாட்டி சைக்கிள் ஓட்டுவதை அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாக உற்றுப் பார்த்தான். சீட் அவளுக்கு உயரம், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது, இதைக் காலையிலேயே ஒரு திருகு திருகிச் சரிசெய்திருக்கலாம். எதிரே யாராவது வந்தால் அவள் தோள்கள் காதுவரை ஏறின, வலது முழங்கையில் ஒரு பழைய சிராய்ப்பு வெளுத்துத் தெரிந்தது, அது எப்போது பட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் தடுமாறியபோதெல்லாம் கால்வாய் தன் கரையை அவள் பக்கம் கொஞ்சம் உயர்த்திக்கொடுத்தது. தான் செய்ய வேண்டியதை இன்னொன்று செய்கிறது, அதுவும் நன்றாகச் செய்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு வருவதைவிடக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் போலிருந்தது அவனுக்கு.

ரீட்வேனில் படுகை வெறுமையாகக் கிடந்தது. அடியில் கருஞ்சேறு, சேற்றில் நூற்றுக்கணக்கில் துருப்பிடித்த சைக்கிள்கள், குடைகள், ஒரு தையல் மெஷின், ஒரு குழந்தை வண்டி. ஊர் தன் குப்பையைத் தானே பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. தையல் கரையில் நின்று, போய்ப் படு, நேரமாகிறது என்று கால்வாயிடம் சொன்னாள். அது பாதைக்கு அந்தப் பக்கம் புல்வெளியிலேயே நின்றது. படுகையோரமாகக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினாள், கூடவே வந்தது, இறங்கவில்லை. கெஞ்சினாள், அதட்டினாள். வெயில் தாழ்ந்து காற்றாலைகளின் நிழல் நீண்டது. யோரிட் கைக்கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க ரொம்பப் பிரயாசைப்பட்டார்.

தையல் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். தண்ணீர் மெதுவாக வந்து அவள் கால்விரலைத் தொட்டுவிட்டுப் போனது.

"நீங்க கிளம்புங்க. திங்கக்கிழமை வேலை இருக்கு உங்களுக்கு. நான் இதுகூட இருந்துட்டுப் போறேன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் நெல்லையப்பனைப் பயமுறுத்தியது. அதற்கப்புறம் அவன் செய்தது யோசித்துச் செய்ததில்லை. யோசித்திருந்தால் தனக்கு நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வந்திருக்கும். கடற்கரையில் பிறந்தும் நீச்சல் கற்றுக்கொள்ளாதவன் அவன். கால்வாயைப் பார்த்து விரலை நீட்டினான்.

"என் இடத்தை நீ எடுத்துக்கிட்டல்லா? உன் இடத்தை நான் எடுத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டுச் சைக்கிளோடு படுகைக்குள் இறங்கிவிட்டான். முழங்கால்வரை சேறு. துருப்பிடித்த சைக்கிள்களைத் தாண்டித் தாண்டித் தன் சைக்கிளைத் தள்ளினான், விழுந்தான், எழுந்தான். தையல் என்ன செய்வதென்று தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே கரையோரமாக அவனுக்கு இணையாக மெதுவாக ஓட்டினாள். ஒரு பக்கம் சேற்றில் புருஷன், மறுபக்கம் புல்வெளியில் கால்வாய், நடுவில் அவள்.

"அதுகிட்ட அப்படி என்னதான் சொல்லிக்கிட்டு வந்த?" என்று கீழேயிருந்து கேட்டான். குரலில் அதிகாரம் போட்டுத்தான் கேட்டான், வெளியே வந்தபோது அது அழுகையாக இருந்தது.

அவள் சைக்கிளின் வேகத்தை இன்னும் குறைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"மார்ச் மாசம் மழையில, நம்ம பில்டிங்குக்குப் பின்னாடி கார் நிறுத்துற இடத்துல தனியா சைக்கிள் பழகினேன். எத்தனை தடவை விழுந்தேன்னு கணக்கே இல்லை. விழுறப்பல்லாம் நம்ம ஜன்னலைப் பாப்பேன். லைட் எரியும், நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பீங்க. ஒருநாள் விழாம ஒரு சுத்து வந்துட்டேன். அன்னிக்கு ஓடி வந்து சொல்லணும்னு இருந்துச்சு. கதவைத் திறந்தேன், தலையைத் தூக்காம, சாப்பாடு ஆச்சான்னு கேட்டீங்க. அதான் சொன்னேன் அதுகிட்ட. இன்னிக்குக் காலையிலேர்ந்து ஒரு தடவைகூட நீங்க திரும்பிப் பாக்கலைன்னும் சொன்னேன்."

நெல்லையப்பன் சேற்றில் நின்று அண்ணாந்து அவளைப் பார்த்தான். எங்கே அடிபட்டது என்று கேட்டான். அவள் வலது முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். வேறு எங்கே என்றான். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், கணுக்கால், உள்ளங்கை, தாடை, அவன் சேற்றில் தடுக்கி விழுந்து விழுந்து ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வந்தான், கரையில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாத ஊர் நின்று அத்தனையையும் கேட்டது.

கால்வாயும் கேட்டது. தனக்கு மட்டும் சொன்னது என்று அது நம்பியிருந்த கதையை அவள் இன்னொருத்தனுக்குச் சொல்கிறாள், அதுவும் தன் படுக்கையில் நின்றுகொண்டிருப்பவனுக்கு. புல்வெளியில் அதன் மேனி சிலிர்த்தது. வாத்துகள் எழுந்து பறந்தன. படகு வீட்டுக்காரர் காபிக் கோப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த கணம் கால்வாய் மொத்தமும் பாதையைத் தாண்டிக் குதித்துத் தன் படுகைக்குள் வந்து விழுந்தது. எங்கள் நெல்லையப்பனைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி அமுக்கியது. அதன் நியாயம் அதற்கு.

தையல் அலறவில்லை, நீச்சல் தெரிந்தவள், குதிக்கத்தான் போனாள். அதற்குள் பாலத்துக்காரி ஹென்ட்ரிகா தூண்டில் கோலை நீட்டி, மரச்செருப்பை அவன் மூக்குக்கு நேரே இறக்கிவிட்டாள். அவன் செருப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஊர் சேர்ந்து கோலை இழுத்தது. தலையில் அல்லியிலையும் உடம்பெல்லாம் சேறுமாகக் கரையில் கிடந்த புருஷனைப் பார்த்துத் தையலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். யோரிட் அளவுகோலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, மட்டம் சரியாக இருக்கிறது என்று திருப்தியோடு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

பழைய கயிற்றை மட்டும் அது திருப்பித் தரவில்லை. நெல்லையப்பன் குனிந்து கேட்டும் பார்த்தான். அது ஆர்கன்காரரின் மோதிரத்தைக் கொண்டுவந்து கரையில் போட்டது, ஒரு குடையைப் போட்டது, அவன் சைக்கிளைக்கூட எண்கள் எழுதிய தாளோடு சேர்த்துப் போட்டது. அதற்குக் கொடுத்தது என்று சொன்னால் அந்தக் கயிறு ஒன்றுதான், மற்றதெல்லாம் யாரோ எறிந்தது; எதைத் திருப்ப வேண்டும் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. தாளில் எண்கள் எல்லாம் கரைந்துவிட்டிருந்தன.

மறுநாள் கிளம்புமுன் அவன் செய்த முதல் காரியம் அவள் சீட்டை ஒரு விரல்கடை இறக்கியது. அன்று முழுக்க வழி தப்பித் தப்பித்தான் போனார்கள். பாதை அகலமாக இருந்த இடத்தில் அவன் அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓட்டினான், குறுகலான இடத்தில் அவளை முன்னால் விட்டான், எந்த இடத்திலும் தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ரீட்வேன்காரர்கள் இப்போது கால்வாயில் எதையும் எறிவதில்லை. ஆடி மாதத்துக்குச் சரியான தேதி தெரியாததால் கோடை முழுக்க யாராவது ஒருவர் படியில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, எதையாவது இரண்டு கையாலும் விட்டுவிட்டு வருகிறார்கள். வந்து அவசரமாகச் சைக்கிளில் ஏறித் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஐந்தோவனில் அவர்கள் வீட்டுச் சமையலறையில், டம்ளரில் பிடித்து வைக்கிற தண்ணீர் இன்றைக்கும் நேராக நிற்பதில்லை. மேஜையில் எங்கே வைத்தாலும் தையல்நாயகி உட்கார்ந்திருக்கும் பக்கமாக ஒரு நூல் அளவு சாய்ந்துதான் நிற்கிறது. முதலில் நெல்லையப்பன் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான், காலுக்கு அட்டை வைத்து மேஜையைச் சரிசெய்தான். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டான். இப்போது பார்த்தால் தண்ணீர் அவன் பக்கமும்தான் சாய்ந்திருக்கிறது. அது தன்னைப் பார்த்துச் சாயவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் அந்த இடத்தைவிட்டு அவன் எழுந்திருப்பதில்லை.